உராய்வும் புவிநடுக்கமும்: ஒரு கருத்தின் வரலாறு

வரலாற்று மாணவனுக்குச் சான்றே முதற்பொருள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, மட்பாண்டத் துண்டு என்பனவற்றைக் கொண்டு, தான் காணாத காலத்தை அவன் கட்டியெழுப்புகின்றான். சான்று பேசுமிடத்து அதன் கூற்றைச் சீர்தூக்குவதும், அது மௌனம் சாதிக்குமிடத்து அம்மௌனத்தின் காரணத்தை ஆராய்வதும் அவனுடைய கடமைகளாகும். இம்முறை மனித சமுதாயத்தின் வரலாற்றுக்கு மாத்திரம் உரியதெனக் கருதுதல் தவறு. நம்மவர் புவிச்சரிதவியல் எனப் பெயரிட்டழைக்கும் துறையினரும் இதே முறையினையே கையாளுகின்றனர். இதே இடர்களையே எதிர்நோக்குகின்றனர்.

புவிநடுக்கம் பற்றிய ஆய்வு இதற்குத் தக்க உதாரணமாகும். நிலத்தின்மேல் வாழ்வோர் நடுக்கத்தின் விளைவை மாத்திரமே காண்கின்றனர். அதன் பிறப்பிடமோ பெரும்பாலும் பல கிலோமீற்றர் ஆழத்தில், எவரும் சென்று காணவியலாத இடத்தில் உள்ளது. அங்கே இரு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசியவண்ணம் சில வினாடிகளுள் பெயருகின்றன. அவ்வினாடிகளில் அப்பாறைகளுக்கு நேர்வது யாது? அவை நொறுங்குகின்றனவா, உருகுகின்றனவா, அன்றி வழுக்குந் தன்மை எய்துகின்றனவா? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி ஒன்றரை நூற்றாண்டாக நடைபெற்று வருகின்றது. அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், சான்று என்பது பற்றி அது நமக்கு உணர்த்துவனவற்றை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பிளவும் நடுக்கமும்

பாறைத் தொகுதியொன்று உடைந்து, உடைவின் இருபக்கங்களும் ஒன்றையொன்று கடந்து பெயர்ந்திருக்குமாயின் அவ்வுடைவினை இங்கு பிளவு என வழங்குவோம். நடுக்கத்துக்குப் பிளவே காரணம் என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இது தெளிவுபெற்றிருக்கவில்லை. நிலத்தினுள் அடைபட்ட காற்றே நடுக்கத்தை விளைவிக்கின்றதென அரிஸ்டோட்டில் கருதினார். பிற்காலத்தோர் நிலத்தடி வெடிப்புகளையும் எரிமலைச் செயற்பாடுகளையும் காரணமாகக் கூறினர். நிலத்தில் பிளவு தோன்றுதல் நடுக்கத்தின் பல விளைவுகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

இவ்வெண்ணத்தை மாற்றியோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான குரோவ் கார்ல் கில்பேட். 1883ஆம் ஆண்டில் சோல்ட் லேக் நகரப் பத்திரிகையொன்றுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நகரை அடுத்துள்ள மலையின் அடிவாரத்திற் காணப்படும் செங்குத்தான நிலவிளிம்புகள் பண்டைய நடுக்கங்களின் சுவடுகள் என்றும், மீண்டும் அங்கு நடுக்கம் நிகழக்கூடும் என்றும் அதில் அவர் மக்களை எச்சரித்தார். நமது பொருளுக்கு முக்கியமானது அவர் கூறிய விளக்கமாகும். மலை மெல்ல உயர முயல்கின்றது. பிளவின் உராய்வு அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. இழுவிசை பெருகி உராய்வை வெல்லும் கணத்தில் மலை திடீரெனப் பெயருகின்றது. பின்னர் நெடுங்காலம் அமைதி நிலவுகின்றது. உராய்வு என்னும் சொல் புவிநடுக்க ஆய்வினுள் இவ்வாறு ஒரு பத்திரிகைக் கடிதத்தின் வாயிலாக உறுதியான இடம் பெற்றது.

1891ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி யப்பானின் மினோ-ஓவாரிப் பிரதேசத்தை உலுக்கிய பெருநடுக்கத்தை ஆராய்ந்த புஞ்சிரோ கோட்டோ, நியோ பள்ளத்தாக்கில் நிலம் ஏறத்தாழ 6 மீற்றர் உயரத்துக்குப் பெயர்ந்திருந்ததைக் கண்டு, பிளவே நடுக்கத்தின் காரணம் என வாதிட்டார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி சன்பிரான்சிஸ்கோ நகர் அழிந்தபோது, சன் அந்திரேயாஸ் பிளவின் நெடுகிலும் வேலிகளும் வீதிகளும் அறுபட்டு விலகிக் கிடந்தன. நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் மேற்கொள்ளப்பட்ட நில அளவைகளை ஒப்புநோக்கிய ஹரி பீல்டிங் றீட், 1910இல் மீள்தன்மைக் கோட்பாட்டினை வெளியிட்டார். பாறைகள் வில்லைப்போல நெடுங்காலம் வளைந்து, ஈற்றில் பிளவு வழியே விடுபட்டு நிமிருகின்றன என்பதே அதன் சாரம்.

றீட்டின் கோட்பாடு நடுக்கம் ஏன் நிகழ்கின்றது என்பதற்கு விடை பகர்ந்தது. வில் நிமிரும்போது விடுபடும் சக்தியின் ஒரு பகுதி அலைகளாக வெளியேறி நகரங்களை வீழ்த்துகின்றது. மற்றொரு பகுதி பிளவிலேயே உராய்வாற் செலவாகின்றது. கட்டைகளைத் தேய்த்துத் தீக்கடைந்த ஆதிமனிதனுக்கும் உராய்வு வெப்பத்தைத் தரும் என்பது தெரியும். அவ்வாறாயின், பிளவிற் பிறந்த வெப்பம் பாறையை என்ன செய்தது?

கருங்கல்லில் ஒரு கருநரம்பு

இவ்வினா தெளிவாக எழுப்பப்படுவதற்கு முன்னரே அதற்கான சான்று பலருடைய கைகளிற் கிட்டியிருந்தது. ஆயினும் அது சான்று என்பதை அவர்கள் அறிந்திலர். அச்சான்றினை முதலிற் பதிவு செய்தவை தமிழகத்துப் பாறைகள் என்பது நமக்குச் சுவைதரும் செய்தியாகும்.

1863ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்த றொபேட் புறூஸ் பூட்டின் பெயரை வரலாற்று மாணவர் நன்கறிவர். அவர் தொழிலால் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். அவரும் வில்லியம் கிங் என்பாரும் திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டப் பாறைகளைப் பற்றி 1864இல் வெளியிட்ட அறிக்கையில், நைசுப் பாறைகளை ஊடறுத்துச் செல்லும் மெல்லிய கரிய நரம்புகளைக் குறிப்பிட்டனர். நிலத்தின் ஆழத்திலிருந்து எழுந்த கருநிறத் தீப்பாறைக் குழம்பு அப்பாறைகளினுள் பாய்ச்சப்பட்டது போன்ற தோற்றத்தை அவை அளித்தமையால், அதற்கேற்பவே அவற்றுக்குப் பெயரும் சூட்டினர். 1900ஆம் ஆண்டில் தோமஸ் ஹென்றி ஹொலண்ட் சார்ணக்கைற்றுப் பாறைகளைப் பற்றிய தமது நூலில் இந்நரம்புகளை மீண்டும் ஆராய்ந்தார். பரங்கிமலையின் பாறைக்குச் சார்ணக்கைற்று எனப் பெயரிட்டவரும் இவரே. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இவ்வினப் பாறைகள் பரந்து காணப்படுகின்றன. அந்நரம்புகள் வெளியிலிருந்து வந்த குழம்பினால் ஆனவை அல்ல என்றும், பாறை பெயர்ந்து நொறுங்கியபோது அவ்விடத்திலேயே உண்டானவை என்றும் ஹொலண்ட் கருதினார்.

இதே காலப்பகுதியில் ஸ்கொத்லாந்திலும் இத்தகைய பாறைகள் அவதானிக்கப்பட்டன. 1885இல் சாள்ஸ் லப்வேர்த், அந்நாட்டின் வடமேற்கில் பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றன்மேலொன்று தள்ளப்பட்ட தளங்களிற் காணப்பட்ட நுண்ணிய பாறைக்கு மைலோனைற்று எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் திரிகையைக் குறிக்கும் சொல்லினடியாகப் பிறந்த பெயர் அது. திரிகையில் இட்ட தானியம்போலப் பாறை அரைபட்டது என்பது அவர் கருத்து. 1909இல் கிளென்கோ பகுதியை ஆராய்ந்த கிளவ், மோஃப், பெய்லி ஆகிய மூவரும், பிளவுகளை ஒட்டித் தீக்கல்லைப்போன்று இறுகிய கருநிறப் பாறையை விவரித்தனர்.

இச்செய்திகளை ஓரிடத்திற் கொணர்ந்தவர் தென்னாபிரிக்காவிற் பணியாற்றிய எஸ். ஜேம்ஸ் சாண்ட் ஆவார். பரிஸ் என்னும் சிற்றூரின் அருகே கருங்கல்லினுள் வலைபோற் பரந்துகிடந்த கரிய நரம்புகளை அவர் ஆராய்ந்தார். 1916இல் லண்டனில் வெளியான அவரது கட்டுரை, அந்நரம்புகளைத் தமிழகத்துப் பாறையோடும் ஸ்கொத்லாந்துப் பாறையோடும் ஒப்பிட்டது. எரிமலைக் குழம்பு விரைந்து உறைவதால் உண்டாகும் கருங்கண்ணாடிப் பாறைக்குத் தக்கிலைட்டு என்று பெயர். அதனைப்போலத் தோற்றமளித்தும் அதுவல்லாத இப்பாறைக்கு அவர் ‘போலித் தக்கிலைட்டு’ என்னும் பொருள்பட்ட பெயரைச் சூட்டினார். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது.

இங்கு வரலாற்றின் விந்தையொன்றைக் குறிப்பிடல் வேண்டும். பரிஸ் ஊர்ப் பாறை கருங்கல் உருகியதால் உண்டானது என்பதிற் சாண்ட் தெளிவாக இருந்தார். ஆயின் அவ்வுருகலுக்கு உரசற் பெயர்ச்சியைக் காரணமாகக் கூற அவர் விரும்பவில்லை. அதிர்ச்சியோ, வெப்பவாயுக்களின் செயலோ காரணமாகலாம் என்றார். அப்பிரதேசம் ஏறத்தாழ 202 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் விண்பாறையொன்று மோதிய விறெடிபோட் வடு என்பது 1961ஆம் ஆண்டின் பின்னரே படிப்படியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே, புவிநடுக்கத்தின் சான்றாக இன்று போற்றப்படும் பாறையினத்துக்குப் பெயர் தந்த மூலமாதிரி, விண்பாறை மோதலின் விளைவாக முடிந்தது! ஒரே வகைச் சான்று இருவேறு நிகழ்ச்சிகளால் உண்டாகலாம் என்பதற்கும், கண்டதை மாத்திரம் கூறிக் காரணத்தை அளந்து பேசிய ஆய்வாளரின் நிதானத்துக்கும் இது நல்ல உதாரணமாகும்.

கணக்கும் களமும்

கரிய நரம்பு உண்மையாகவே உருகியதா, அன்றி மிக நுண்ணியதாக அரைபட்ட தூளா என்னும் விவாதம் அதன் பின்னரும் நீடித்தது. உருக இயலும் என்பதைக் கணக்கு முதலிற் காட்டிற்று. பிரித்தானிய அறிஞர் ஹரல்ட் ஜெப்ரீஸ் 1942இல் பிளவுப் பெயர்ச்சியால் எழும் வெப்பம் பாறையை உருக்கப் போதியது எனச் சுட்டிக்காட்டினார். 1972இல் டான் மெக்கன்சியும் ஜேம்ஸ் புறூணும் இதனை விரிவாகக் கணித்தனர்.

அக்கணக்கின் அடிப்படையை விளங்கிக்கொள்ள விஞ்ஞானப் பயிற்சி பெரிதும் வேண்டியதில்லை. உராய்வு விசை அழுத்தும் சுமைக்கு விகிதசமமானது என்பதைப் பிரான்சிய அறிஞர்களான அமொன்தன் 1699இலும் கூலோம் 1785இலும் நிறுவியிருந்தனர். 10 கிலோமீற்றர் ஆழத்தில் ஒரு சதுரமீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 27,000 தொன் பாறை சுமந்திருக்கின்றது. பாறைத் துளைகளிலுள்ள நீர் அதில் 10,000 தொன்னைத் தாங்கிக்கொள்வதாகக் கொண்டால் எஞ்சுவது 17,000 தொன். சாதாரண பாறைகளின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.6. எனவே அச்சதுரமீற்றர் பரப்பைப் பெயர்க்க ஏறத்தாழ 10,000 தொன் விசை வேண்டும். ஒரு மீற்றர் தூரம் பெயர்ந்தால் 10 கோடி யூல் சக்தி வெப்பமாகும். அறை வெப்பநிலையிலுள்ள 300 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர இது போதும். இவ்வெப்பம் முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள பாறைப்படையினுள் அடங்குமாயின், அப்படையை உருக்குதற்கு வேண்டியதின் இருமடங்குக்கு மேலாக அது அமையும். பாறை வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், பெயர்ச்சி நிகழும் சில வினாடிகளில் வெப்பம் அப்பாற் செல்லவும் வழியில்லை.

கணக்கு கூறியதைக் களத்திற் காட்டியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த றிச்சட் சிப்சன். ஸ்கொத்லாந்தின் மேற்கேயுள்ள வெளி ஹெபிறிடீஸ் தீவுகளின் பழம்பிளவொன்றை ஆராய்ந்து 1975இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். மேற்பரப்பில் இன்று காணப்படும் அப்பாறைகள் முன்னொரு காலத்திற் பல கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தவை. மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டமையால் வெளிப்பட்டவை. பிளவுத் தளத்தில் மெல்லிய கருநரம்பும், அதிலிருந்து கிளைத்துப் பக்கப்பாறையின் வெடிப்புகளினுள் ஓடிய சிறு நரம்புகளும் அங்கு காணப்படுகின்றன. அமுக்கத்தால் நெருக்குண்ட திரவம் கிடைத்த வழியாற் பாய்ந்த கோலம் அது. நரம்பின் தடிப்பையும் பெயர்ச்சித் தூரத்தையும் அளந்து அவற்றின் தொடர்பிலிருந்து, நடுக்கத்தின்போது பிளவு காட்டிய எதிர்ப்பை அவர் மதிப்பிட்டார். நடுக்கத்தை எவரும் பதிவுசெய்யாத தொல்காலத்து நிகழ்ச்சியொன்றின் அளவுகள் இவ்வாறு பாறையிலிருந்து வாசிக்கப்பட்டன.

நுணுக்குக்காட்டியின் வழியே நோக்கும்போது சான்று மேலும் தெளிவாகின்றது. மைக்கா, ஹோண்பிளென்ட் முதலிய நீர்சேர்ந்த கனிப்பொருள்கள் முதலில் உருகி மறைகின்றன. உருகுதற்கு அரிய குவாட்சும் பெல்ட்சுபாரும் விளிம்பு மழுங்கிய துணுக்குகளாகக் கரிய குழம்பினுள் மிதந்த நிலையிற் காட்சியளிக்கின்றன. குழம்பு குளிரும்போது முளைத்த நுண்பளிங்குகள் கதிர்போல விரிந்துள்ளன. குளிர்ந்த பக்கப்பாறையைத் தொட்ட ஓரங்கள் மிக விரைவில் உறைந்துள்ளன. அரைபட்ட தூளிலே இத்தகைய பளிங்குகள் முளைத்தல் இயலாது. 1964இல் அந்தனி பில்பொட்ஸ் வட அமெரிக்கப் பாறைகளைக்கொண்டு இவ்வாறே வாதிட்டிருந்தார். நரம்பு உருகியதே என்னும் தீர்ப்பு இவற்றால் உறுதிபெற்றது.

வெப்பம் எங்கே?

ஆயினும் தீர்ப்பு வழங்கப்பட்ட அதே காலத்தில் எதிர்ச்சான்றொன்றும் தலைதூக்கிற்று. உராய்வின் வெப்பம் அத்துணைப் பெரிதாயின், அடிக்கடி பெயரும் பிளவின் அயலில் நிலம் ஏனைய இடங்களிலும் பார்க்க வெப்பமாக இருத்தல் வேண்டும். 1969இல் புறூண், ஹெனி, றோய் ஆகியோர் சன் அந்திரேயாஸ் பிளவின் இருமருங்கிலுமுள்ள துளைகளிற் பெற்ற வெப்ப அளவீடுகளை ஆராய்ந்தனர். பிளவை அண்மிக்கும்போது வெப்பம் உயருவதாகத் தெரியவில்லை. 1980இல் ஆதர் லக்கன்புறுக், ஜோன் சாஸ் ஆகியோர் மேலும் பல துளைகளின் அளவீடுகளைக்கொண்டு இதனை வலியுறுத்தினர். இலட்சக்கணக்கான ஆண்டுகளாக உரசிவரும் ஒரு பிளவு தன் வெப்பத்தை எங்கே ஒளித்துவைத்தது என்னும் வினா ஆய்வாளரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

இதற்கிடையே ஆய்வுகூடப் பரிசோதனைகள் மறுபுறமாகப் பேசின. 1966இல் வில்லியம் பிறேசும் ஜேம்ஸ் பையர்லீயும், உயர் அமுக்கத்தில் அழுத்தப்பட்ட பாறைத் துண்டுகள் ஒட்டிநின்று பின் சறுக்குவதைக் காட்டினர். வயலின் தந்தியை வில் பற்றி விடுவதுபோன்ற இயக்கம் இது. புவிநடுக்கமும் இத்தகையதே என அவர்கள் கூறினர். 1978இல் பையர்லீ தொகுத்த முடிவுகளின்படி பெரும்பாலான பாறைகளின் உராய்வுக் குணகம் 0.6 முதல் 0.85 வரையாகும். பாறை எதுவாயினும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. இதன்படி பிளவு வலிமைமிக்கதாதல் வேண்டும். வெப்பமும் பெருகுதல் வேண்டும். வெப்ப அளவீடோ பிளவு வலுக்குன்றியது என்றது. இரு சான்றுகளும் நம்பத்தக்கவை. இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன.

போலித் தக்கிலைட்டு அரிதாகவே காணப்படுகின்றது என்பதும் இம்முரண்பாட்டைக் கூர்மையாக்கிற்று. உலகில் எண்ணற்ற நடுக்கங்கள் நிகழ்ந்திருக்க, உருகிய நரம்புகள் ஏன் எல்லாப் பிளவுகளிலும் இல்லை? இருவகை விடைகள் முன்வைக்கப்பட்டன. பிளவின் களிமண் முதலிய பொருள்கள் இயல்பாகவே வழுக்குந் தன்மையுடையவை என்பது ஒன்று. 2004ஆம் ஆண்டு தொடக்கம் 2007ஆம் ஆண்டு வரை கலிபோணியாவின் பாக்பீல்ட் அருகே, ஓசையின்றி மெல்ல நகரும் பகுதியில், சன் அந்திரேயாஸ் பிளவை ஊடறுத்து இடப்பட்ட ஆழ்துளையில் அத்தகைய மென்மையான களிமண் கனிப்பொருள்கள் கிடைத்தமை இதற்கு ஆதரவாயிற்று.

பிளவு வலிமையுடையதாயினும், பெயரத் தொடங்கிய கணமே தன் வலிமையை இழக்கின்றது என்பது மற்றைய விடை. சிப்சன் 1973இலேயே இதற்கான ஒரு வழியைக் கூறியிருந்தார். உராய்வு வெப்பத்தால் பாறைத் துளைகளிலுள்ள நீர் விரிய முயல்கின்றது. வெளியேற வழியின்மையால் அதன் அமுக்கம் உயருகின்றது. அவ்வமுக்கம் மேற்சுமையைத் தாங்கிக்கொள்கின்றது. சுமை குறையவே உராய்வும் குறைகின்றது. கொதிக்கும் பானையின் மூடியை நீராவி தூக்குவதோடு இதனை ஒப்பிடலாம். இவ்வாறாயின் வெப்பம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பாறை உருகுமளவுக்குச் செல்லாது. உருகிய நரம்பு இல்லாமை நடுக்கம் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது என்னும் முக்கியமான முடிவு இதிலிருந்து பெறப்படும்.

இயந்திரங்களின் சாட்சியம்

இரண்டாம் விடையைச் சோதிப்பதற்கு இடையூறாக இருந்தது வேகமாகும். பையர்லீயின் காலத்துப் பரிசோதனைகளிற் பாறைகள் மிக மெதுவாகவே நகர்த்தப்பட்டன. நடுக்கத்திலோ பிளவு வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்திற் பெயருகின்றது. மெல்ல நகரும் பாறையின் இயல்பைக்கொண்டு விரைந்து பெயரும் பாறையின் இயல்பை முடிவுசெய்தது தவறாகலாம் என்பதை ஆய்வாளர் காலம் தாழ்த்தியே உணர்ந்தனர்.

1987இல் ஜோன் ஸ்பிறே, உலோகங்களை உராய்வு வெப்பத்தால் ஒட்டும் தொழிற்சாலை இயந்திரமொன்றில் பாறைத் துண்டுகளைப் பொருத்திச் சுழற்றிப் போலித் தக்கிலைட்டைச் செயற்கையாக உண்டாக்கினார். யப்பானில் தொஷிஹிக்கோ ஷிமமொட்டோ இதற்கெனவே ஒரு சுழல் இயந்திரத்தை அமைத்தார். இரு உருளைகளை முகத்தோடு முகம் அழுத்தி, ஒன்றை நிறுத்தி மற்றொன்றை வேகமாகச் சுழற்றும் அவ்வியந்திரம் அமைப்பில் நம் வீட்டுத் திரிகையை ஒத்ததே. 1997இல் சுற்சுமியும் ஷிமமொட்டோவும் கப்புறோப் பாறையை அவ்வாறு சுழற்றியபோது, வேகம் கூடியவுடன் உராய்வு குறைந்தது. ஆயின் பாறை உருகத் தொடங்கும் தறுவாயில், பிசுபிசுத்த குழம்புத் திட்டுகள் தடையாகி உராய்வு ஒருமுறை உயருவதும், குழம்பு தொடர்ந்த படையாகப் பரந்தபின் உராய்வு வீழ்ச்சியடைவதும் அவதானிக்கப்பட்டன. பிளவின் வழியிலே உருகிய கல் முதலில் முட்டுக்கட்டையாகவும் பின்னர் எண்ணெயாகவும் செயற்படுகின்றது.

உருகல் ஒன்றே வழியன்று என்பதும் பின்னர் புலனாயிற்று. குவாட்சுப் பாறையின் உராய்வு உருகுநிலையை எட்டுவதற்கு முன்னரே பெரிதும் குறைவதை 2004இல் டி தோறோ, கோல்ட்ஸ்பி, துல்லிஸ் ஆகியோர் காட்டினர். 2007இல் ஹானும் அவருடைய சகாக்களும் இத்தாலியின் கறாராச் சலவைக்கல்லை வேகமாகச் சுழற்றியபோது கல் உருகவில்லை. வெப்பத்தாற் சிதைந்து நீறாகி, கரியமிலவாயுவை வெளிவிட்டது. சுண்ணாம்புச் சூளையில் ஒரு பகலும் இரவும் எரித்துப் பெறும் மாற்றம் அங்கே சில வினாடிகளில் நிகழ்ந்தது. உராய்வுக் குணகமும் 0.1இலும் குறைந்தது. 2011இல் டி தோறோவும் பிறரும் பல்வேறு பாறைகளிற் பெற்ற முடிவுகளை ஒன்றுசேர்த்து நோக்கினர். வினாடிக்கு ஒரு மீற்றரை அண்மித்த வேகத்தில் ஏறக்குறைய எல்லாப் பாறைகளும் தம் உராய்வில் பெரும்பகுதியை இழக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. பையர்லீயின் எண்ணும் பொய்யன்று. வெப்ப அளவீடும் பொய்யன்று. முன்னையது பிளவு பெயரத் தொடங்குமுன் உள்ள நிலையைக் கூறிற்று. பின்னையது பெயரும்போதுள்ள நிலையைக் கூறிற்று.

நீறாகிய சலவைக்கல்லின் கதையில் வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியதொன்றுண்டு. நீறு ஈரத்தையும் கரியமிலவாயுவையும் ஏற்று நாளடைவில் மீண்டும் சுண்ணக்கல்லாகின்றது. கண்ணாடியாய் உறைந்த போலித் தக்கிலைட்டும் வெந்நீர் ஊறுவதால் வேறு கனிப்பொருள்களாகத் திரிந்து அடையாளமிழக்கின்றது. அழியும் ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு இது. எஞ்சியிருப்பவற்றை மாத்திரம் எண்ணி, அவையே நிகழ்ந்தவை எனக் கொள்வோமாயின் பிழை நேரும்.

கடலடியில் ஒரு வெப்பமானி

இவ்வாய்வு நூலறிவோடு அமையும் ஒன்றன்று. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி யப்பானின் வடகிழக்குக் கரைக்கப்பால் 9.0 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. கடலடி அகழியை ஒட்டிய ஆழங்குறைந்த பகுதியில் அடையல்கள் மென்மையானவையாகையால், அங்கு பிளவு பெருமளவு விரைந்து பெயராது எனப் பலர் எண்ணியிருந்தனர். உண்மையில் அப்பகுதியிலேயே பெயர்ச்சி உச்சநிலை எய்தி ஏறத்தாழ 50 மீற்றரை எட்டிற்று. கடலடி அவ்வாறு உந்தப்பட்டமையே பேரலையைப் பெரிதாக்கிற்று. 18,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமற் போயோ ஒழிந்தனர்.

உராய்வின் வெப்பம் தணியுமுன் அதனை நேரில் அளக்கவேண்டும் என்று ஆய்வாளர் விரைந்தனர். 2012ஆம் ஆண்டில் சிக்கியூ என்னும் கப்பல் ஏறத்தாழ 6,900 மீற்றர் ஆழக் கடலின் அடியில், மேலும் 800 மீற்றருக்கு மேல் துளையிட்டுப் பிளவை அடைந்தது. துளையினுள் இறக்கப்பட்ட வெப்பமானித் தொடர் 2013 ஏப்ரலில் மீட்கப்பட்டது. பிளவில் அது காட்டிய மிகைவெப்பம் 0.31 பாகை செல்சியஸ் மாத்திரமே. நடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டாண்டுகளாக ஆறிக்கொண்டிருந்த வெப்பத்தின் எச்சம் அது. அதிலிருந்து பின்னோக்கிக் கணித்தபோது சதுரமீற்றருக்கு 2.7 கோடி யூல் வெப்பம் பிறந்ததாகவும், உராய்வுக் குணகம் 0.08 எனவும் பெறப்பட்டது. ஒரு மீற்றர் பெயர்ச்சிக்கு நாம் முன்னர் கணித்த வெப்பத்திலும் இது குறைவு; பெயர்ந்ததோ 50 மீற்றர். ஆழம் குறைவாகையால் சுமையும் குறைவு என்பது உண்மையே. ஆயினும் குணகமும் வழமையான அளவின் ஏழிலொன்றுக்கு இறங்கியிருந்தது. பிளவிலிருந்து பெற்ற களிமண் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் வேகமாக உரசியபோதும் உராய்வு அவ்வாறே சிறிதாயிருந்தது. களமும் கணக்கும் இயந்திரமும் இங்கு ஒருமித்துச் சாட்சி கூறின.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியின் அனுபவம் நமக்கு உண்டு. சுமாத்திராவுக்கு அப்பால் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு அறுந்தபோது எழுந்த அலைகள் இலங்கையில் மாத்திரம் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தன. 2016இல் அப்பிளவுக்கு முன்னாலுள்ள கடலடி அடையல்களிற் துளையிட்ட சர்வதேச ஆய்வுக்குழு, அவை தடித்த அடையல்களின் கீழ் நெடுங்காலம் புதையுண்டு வெப்பமுற்று, கனிப்பொருள்களோடு பிணைந்த நீரை இழந்து இறுகியவை எனக் கண்டது. அகழியின் அண்மையில் ஆழங்குறைந்த பகுதியும் விரைந்து பெயரக் கூடியதாயிருந்தமைக்கு இது ஒரு காரணமாகலாம் என அக்குழுவினர் கருதினர். பாறைத் துணுக்குகளின் உராய்வியல்பு என்னும் சிறுபொருள் கரையோர மக்களின் வாழ்வோடு எவ்வளவு தொடர்புடையது என்பது இதனாற் பெறப்படும். எந்தப் பகுதி பெயராதென நம்பலாம், எந்தப் பகுதியை நம்பலாகாது என்பதே ஈண்டு எழும் வினா.

முடிவுரை

கில்பேட்டின் கடிதம் தொடக்கம் கடலடி வெப்பமானி வரை நாம் நோக்கிய இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் முனைப்பாகத் தோன்றுகின்றன. முதலாவது, சான்று கைக்குக் கிட்டுவதும் அது சான்றென உணரப்படுவதும் வேறுவேறு நிகழ்ச்சிகள். சேலத்துக் கருநரம்பு 1864இற் பதிவாயிற்று. பிளவுப் பெயர்ச்சியால் உருகிய நடுக்கத்தின் சுவடாக இத்தகைய நரம்புகளை வாசிக்கும் முறை 1975இலேயே உருப்பெற்றது. இரண்டாவது, முரண்படும் இரு சான்றுகளில் ஒன்றைப் பொய்யெனத் தள்ளுவதிலும் பார்க்க, அவை ஒரே நிலையைப் பற்றித்தான் பேசுகின்றனவா என வினாவுதல் பயன்தரும். மூன்றாவது, சான்றின் இன்மை நிகழ்ச்சியின் இன்மையாகாது.

இவை மூன்றும் புவிச்சரிதவியலாளருக்கு மாத்திரமன்றி நமது துறைக்கும் பொருந்துவன. பதிவு செய்யாதோரின் வரலாறும் அழிந்துபோன ஏடுகளின் வரலாறும் நம்மிடம் கேட்பதும் இத்தகைய பொறுமையையே. பெருநடுக்கம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகின்றது. அதன் கூற்றைக் கேட்க மனிதனுக்குத் தலைமுறைகள் வேண்டியிருந்தன. கேட்கத் தாமதித்தமையின் விலையை கரையோரங்களில் வாழ்ந்தோரே கொடுத்தனர் என்பதை இத்துறையினர் மறந்திலர், நாமும் மறத்தலாகாது.